வளையம் அடங்கும் வரை

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவனுக்குத் தூண்டில் போடக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை என்பார்கள். என் விஷயத்தில் அது உண்மைதான். கீழ்ப் பேராக்கில் நாங்கள் குடியிருந்த லயத்துக்குப் பின்னால் ஓர் அலூர் ஓடும். அதைத் தாண்டிப் போனால் கோரை மண்டிய ஒரு பழைய குட்டை. காலையில் மரம் வெட்டி, பாலை நிறுத்துவிட்டு வந்ததும் அப்பா குளிக்கக்கூட மாட்டார். மூங்கில் கோலை எடுத்துக்கொண்டு குட்டைக்குப் புறப்பட்டுவிடுவார். பால் டின்னில் சிறு தவளைகளைப் பிடித்துப் போட்டுக்கொண்டு நான் பின்னால் ஓடுவேன்.

விரால் பிடிக்கத் தவளைதான் இரை என்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். முள்ளில் தவளையை மாட்டி, கோரைக்கும் அல்லிக்கும் நடுவில், தண்ணீரின் மேலேயே தத்தித் தத்தி ஓடவிட வேண்டும். கீழே இறக்கக் கூடாது. மேலே சலசலப்புக் கேட்டால் விரால் அம்பு மாதிரி வரும். "ஓட்டிக்கிட்டே இருடா, நிறுத்தினா விரால் திரும்பிக்கூடப் பார்க்காது" என்பார் அப்பா. எனக்கு அவர் சொல்லிக் கொடுத்த ஒரே மீன்பிடிப் பாடம் அதுதான்.

அந்த ஒரு பாடத்தை வைத்துக்கொண்டே ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் மீன் பிடித்தேன். அது எல்லாத் தண்ணீருக்கும் பொருந்தாது என்பதை என் 66ஆம் வயதில், உலகத்தின் மறுகோடியில், விரல்கள் விறைத்துப்போகும் குளிரில் கற்றுக்கொண்டேன். அதைத்தான் இங்கே எழுத வந்தேன். கூடவே வேறொரு விஷயமும் உண்டு. அது தானாக வரும்போது சொல்கிறேன்.

என் மகன் அமெரிக்காவில், அலபாமா மாநிலத்தில் ஹன்ட்ஸ்வில் என்ற ஊரில் இருக்கிறான். நிலவுக்கு மனிதர்களைச் சுமந்து சென்ற சாட்டர்ன் 5 ராக்கெட்டை உருவாக்கிய ஊர் அது. எங்கு பார்த்தாலும் பொறியாளர்கள். என் மகனும் அவர்களில் ஒருவன். 2023 நவம்பரில், "ஒரு தடவை வந்து பேத்தியோடு இருந்துட்டுப் போங்கப்பா" என்று டிக்கெட் அனுப்பினான். போனேன்.

போக மனம் இருந்ததா என்று கேட்டால், பாதி இருந்தது, பாதி இல்லை. 2021 ஆகஸ்டில் என் மனைவி காலமானாள். அது கோவிட் காலம். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் 14 நாள் தனித்திருக்க வேண்டும் என்ற கட்டுப்பாடு இருந்தது. மகன் போனில், "நான் புறப்பட்டு வர்றேன்பா" என்றான். "வந்து என்ன செய்யப் போறே? அம்மா முகத்தைப் பார்க்க முடியாது. ஓட்டல் அறையிலதான் அடைஞ்சு கிடப்பே. வேணாம்" என்றேன். அவன் வரவில்லை. நாலைந்து பேரோடு காரியத்தை முடித்தேன்.

வர வேண்டாம் என்று சொன்னவன் நான்தான். ஆனாலும் அவன் வராதது என் நெஞ்சில் முள்ளாகத் தைத்துவிட்டது. 2022 ஏப்ரலில் எல்லை திறந்ததும் குடும்பத்தோடு வந்தான். அம்மா படத்தின் முன் நின்று அழுதான். நான் கொல்லைப்புறம் போய்விட்டேன். அதற்குப் பிறகும் வாரா வாரம் போனில் பேசிக்கொண்டுதான் இருந்தோம். பேத்தியின் படிப்பு, என் சர்க்கரை, அங்கே வெயில், இங்கே மழை எல்லாம் பேசுவோம். அந்த ஒன்றை மட்டும் இருவரும் தொடமாட்டோம்.

அலபாமா போய்ச் சேர்ந்த மறுவாரமே குளிர் பிடித்துக்கொண்டது. அமெரிக்கர்களுக்கு அது குளிரே இல்லையாம். தெற்கு மாநிலம், பனி கொட்டுவது அபூர்வம் என்றார்கள். காலையில் ஐந்தாறு டிகிரி. இரண்டு கம்பளிச் சட்டையும் தலைக்குக் குல்லாயுமாக, சன்னலோரம் உட்கார்ந்திருப்பேன். மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விடுவார்கள், பேத்தி பள்ளிக்கூடம். பேச ஆள் இல்லை.

அப்படி உட்கார்ந்திருந்த ஒரு நாளில்தான் பக்கத்து வீட்டுப் பெரியவர் தம் வண்டிக் கொட்டகையில் தூண்டில்களைத் துடைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர்; பணிமனை ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தோட்டத்துக் கிராணியாக இருந்தவன் என்பதால் எனக்கு ஆங்கிலம் வரும். ஆனால் அவர் பேசும் ஆங்கிலம் பாதிதான் புரிந்தது. நல்லவேளையாக மீன்பிடிக்கிறவர்களுக்குக் கையே வாய். எங்கள் ஊரில் தவளையை வைத்து விரால் பிடிப்போம் என்று கையால் தத்தித் தத்திக் காட்டினேன். மனிதர் சிரித்துக்கொண்டே ஒரு பெட்டியைத் திறந்தார். உள்ளே ஏழெட்டு ரப்பர் தவளைகள்! வயிறு கூடாக இருக்கும். முள் இரண்டும் முதுகோடு ஒட்டிக்கொண்டு பாசியில் மாட்டாமல் வழுக்கிக்கொண்டு வரும். வாழ்நாளெல்லாம் ரப்பரோடு கிடந்த எனக்கு அந்தத் தவளைகளைப் பார்த்ததும் பழைய சிநேகிதனைப் பார்த்த மாதிரி இருந்தது.

"இது இலையுதிர் காலத்துச் சரக்கு, சார். பாசி அடர்ந்து கிடக்கும்போதுதான் இது. இப்போது வேறு ஒன்று காட்டுகிறேன், சனிக்கிழமை வாருங்கள்" என்றார். நானும் மகனும் அவருடைய படகில் போவதாக ஏற்பாடு. வெளியூர்க்காரன் என்பதால் மகன் எனக்கு மீன்பிடி அனுமதிச் சீட்டு வாங்கினான். அங்கே சீட்டு இல்லாமல் தூண்டில் போட்டால் அபராதம்.

கன்டர்ஸ்வில் ஏரி ஹன்ட்ஸ்வில்லிலிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்குள். டென்னசி ஆற்றின் குறுக்கே 1939இல் கட்டி முடித்த அணையால் உண்டான ஏரி அது. பரப்பு ஏறக்குறைய 69,000 ஏக்கர். மூவாயிரம் ஏக்கர் தோட்டம் ஒன்றைச் சுற்றிவர எவ்வளவு நேரம் ஆகும் என்று தெரிந்த நமக்கு அந்தக் கணக்கு புரியும். அதில் பேர்போன மீன் பாஸ். பெரிய வாய் பாஸ் என்பது அதன் முழுப் பெயர். வாயைத் திறந்தால் உங்கள் கைமுட்டி உள்ளே போகும். பக்கத்து மாநிலமான ஜார்ஜியாவில் 1932இல் ஜார்ஜ் பெர்ரி என்ற விவசாயி பிடித்த பாஸ் 22 பவுண்டு 4 அவுன்ஸ். அதற்கு ஈடாக இன்னொன்று கிடைக்க 77 ஆண்டுகள் ஆயின; அதுவும் அமெரிக்காவில் அல்ல, ஜப்பானில் பிவா ஏரியில், 2009இல்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நம் நாட்டுப் பழைய ஈயக் குட்டைகளில் இப்போது பிள்ளைகள் பிடிக்கிறார்களே பீகாக் பாஸ், அது பெயரில்தான் பாஸ். தென் அமெரிக்க வெப்ப ஆறுகளின் மீன் அது. குளிர்ந்த நீரில் செத்துப்போகும். அமெரிக்க பாஸோ, மேலே பனிக்கட்டி மூடினாலும் கீழே உயிரோடு இருக்கும்.

படகில் ஒரு சிறு திரை இருந்தது. தண்ணீரின் சூடு 54 என்று காட்டியது. ஃபாரன்ஹைட் கணக்கு; நம் கணக்கில் 12 டிகிரி. சுற்றிலும் நாலைந்து படகுகள். எல்லோரும் ஆழத்தில் கனமான இரையை இறக்கித் தரையோடு இழுத்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் 60க்குக் கீழே போனால் மேல்நீர் இரைகளைப் பெட்டியில் பூட்டி, அடுத்த வசந்தத்தில்தான் திறப்பார்களாம். எங்கள் பெரியவர் மட்டும் பெட்டியைத் திறந்து, மிதக்கும் இரை ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்தார்.

விரல் நீளக் கட்டை. மீன் மாதிரி வண்ணம் பூசியது. முகம் குழிந்திருக்கும். இழுத்தால் 'ப்ளக்' என்று நீரைத் துப்பும். வாலில் உள்ள முள்ளைச் சுற்றி வெள்ளைக் கோழி இறகு. இப்படிப்பட்ட பொய் இரைகளுக்கு அங்கே ஒரு பிறப்புக் கதையே உண்டு. மிச்சிகன் மாநிலத்தில் ஜேம்ஸ் ஹெடன் என்ற தேனீ வளர்ப்பவர், சிநேகிதருக்காகக் குளக்கரையில் காத்திருக்கும்போது கத்தியால் ஒரு கட்டையைச் சீவிக்கொண்டிருந்தாராம். சீவிய துண்டைத் தண்ணீரில் எறிய, பாஸ் ஒன்று பாய்ந்து அதைத் தாக்கியதாம். உண்மையோ கதையோ, 1890களில் அவர் முதன்முதலாகச் செதுக்கிய இரைகளில் ஒரு மரத்தவளையும் உண்டு. அமெரிக்கரும் நம் அப்பாக்களைப் போலத் தவளையிலிருந்துதான் தொடங்கியிருக்கிறார்கள், பாருங்கள்!

நான் என் பழக்கப்படி வீசினேன். இரை விழுந்ததும் ஓட்டினேன். ப்ளக், ப்ளக், ப்ளக் என்று அழகாகத் தத்தி வந்தது. மறுபடி வீசினேன். இப்படி இரண்டு மணி நேரம். ஒரு மீனும் எட்டிப் பார்க்கவில்லை. அதே நேரத்தில், அதே இரையில், பெரியவர் இரண்டு பிடித்துவிட்டார். நான் பத்து முறை வீசும் நேரத்தில் அவர் இரண்டு முறைதான் வீசியிருப்பார்.

பொறுத்துப் பார்த்துவிட்டு அவர் கேட்டார்: "சார், இந்தக் குளிரில் நீங்கள் போர்வைக்குள் படுத்திருக்கிறீர்கள். வாசலில் ஒருவன் ஓடிக்கொண்டே போனால் எழுந்து போய்ப் பார்ப்பீர்களா?"

"மாட்டேன்" என்றேன்.

"அவன் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டால்?"

"யாரடா அது என்று பார்ப்பேன்."

"மீனும் அப்படித்தான்" என்றார்.

பிறகு அவர் விளக்கியதை என் வார்த்தையில் சொல்கிறேன். மீனுக்கு நம்மைப் போல உடம்புச் சூடு கிடையாது. தண்ணீர் எவ்வளவோ, அதன் உடம்பும் அவ்வளவு. தண்ணீர் குளிர்ந்தால் அதன் இரத்த ஓட்டம், செரிமானம் எல்லாம் மந்தமாகும். சாப்பாடு குறைவாகத்தான் தேவை. அதைத் துரத்தி அலைந்தால் கிடைப்பதைவிடச் செலவாகும் பலம் அதிகம். அதனால் ஓடுகிற இரையை விட்டுவிடும். நிற்கிற இரையை, அதுவும் சாகக் கிடக்கிற மாதிரி துடிக்கிற இரையை மட்டும் மெல்ல எழுந்து வந்து வாங்கிக்கொள்ளும்.

அப்படிப்பட்ட இரை அந்த ஏரியில் இயற்கையாகவே உண்டு. ஷாட் என்று ஒரு சிறு வெள்ளி மீன், கூட்டம் கூட்டமாக வாழ்வது. அதற்குக் குளிர் ஆகாது. தண்ணீர் ஏழு டிகிரியை நெருங்கிவிட்டால் தத்தளித்து, பக்கவாட்டில் சாய்ந்து மேலே மிதக்கும். ஒரு துடிப்பு, பிறகு அசைவில்லை; மறுபடி ஒரு துடிப்பு. பாஸுக்கு உழைக்காமல் கிடைக்கும் சோறு அது. குளிர்காலத்தில் மேல்நீர் இரை பலிக்கும் இரகசியம் இதுதான். ஓடும் தவளை வேடத்தைக் கலைத்துவிட்டு, சாகும் ஷாட் வேடம் போட வேண்டும்.

வீசியதும் இரையைத் தொடக்கூடாது. அது விழுந்த இடத்திலிருந்து வளையம் வளையமாக அலை பரவும். கடைசி வளையம் அடங்கும் வரை காத்திருக்க வேண்டும். அடங்கிய பிறகும் மனத்துக்குள் பத்து எண்ண வேண்டும். அப்புறம் கோல்நுனியை ஒரு சுண்டு, ஒன்றே ஒன்று. மறுபடி வளையம், மறுபடி காத்திருப்பு. வாலில் இறகு கட்டியிருப்பதும் இதற்காகத்தான். இரை சும்மா இருக்கும்போது இறகு மட்டும் நீரில் மூச்சு விடுவது போல் விரிந்து சுருங்கும்.

நரம்பும் முக்கியம். சாதாரண நைலான் நரம்புதான் நல்லது. அது நீரில் சீக்கிரம் அமிழாது. இப்போது வரும் ஃப்ளூரோகார்பன் நரம்பு அமிழ்ந்துபோய், நிற்கும் இரையின் மூக்கைக் கீழே இழுத்துவிடும்.

எந்த நேரம், எந்த இடம் என்பதற்கும் கணக்கு உண்டு. நம் ஊரில் விடியலும் அந்தியும் நல்ல நேரம். அங்கே குளிர்காலத்தில் பிற்பகல்தான். மத்தியான வெயில் மேல்தண்ணீரை ஓரிரு டிகிரி சூடாக்கும். மீனுக்கு அந்த ஓரிரு டிகிரி பெரிய விஷயம். சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் ஏரியின் வடகரையில் வெயில் நேராக விழும். வாடைக்காற்றும் அங்கே படாது. கரை அரிக்காமல் கொட்டிவைத்த கருங்கற்கள் வெயிலை வாங்கி வைத்துக்கொள்ளும். ஆகவே பாலச் சாலைகளின் கல்லோரம் நல்ல இடம். இரண்டு மூன்று நாள் இதமான வெயில், பிறகு மேகம், தெற்கேயிருந்து காற்று என்று வந்தால் மீன் மேலே வரும். குளிர் புயல் கடந்த மறுநாள் வானம் நீலமாகத் துடைத்துவிட்ட மாதிரி இருக்கும். பார்க்க அழகு, மீன் வராது.

இவ்வளவும் கேட்ட பிறகும் அன்று எனக்கு மீன் கிடைக்கவில்லை. தெரிந்துகொள்வது வேறு, கை கேட்பது வேறு. வளையம் அடங்குவதற்குள் என் கை சுண்டிவிடும். ஐம்பது வருடப் பழக்கம். அப்பா காதருகில் நின்று "ஓட்டுடா" என்பது போலிருக்கும். திரும்பும் வழியில் மகன் சிரித்தான். "உங்களுக்குச் சும்மா இருக்கத் தெரியாதுப்பா" என்றான். சாதாரணமாகத்தான் சொன்னான். ஆனாலும் அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அடுத்த வாய்ப்பு டிசம்பர் முதல் வாரத்தில் வந்தது. மூன்று நாள் நல்ல வெயில். நான்காம் நாள் மேகம் கவிந்து தெற்குக் காற்று. இரவு மழையும் பிறகு கடுங்குளிரும் வரும் என்று வானிலையில் சொன்னார்கள். பெரியவர் காலையிலேயே வேலியருகே வந்து, "இன்றுதான் நாள். எனக்கு முழங்கால் வலி, நீங்கள் இரண்டு பேரும் போங்கள்" என்று படகுச் சாவியை மகனிடம் கொடுத்தார். மகன் அரைநாள் விடுப்பு எடுத்தான். ஏறும்போதே மிதவைச் சட்டையை எனக்கு மாட்டி, வாரை இறுக்கிவிட்டான். அங்கே நீந்தத் தெரிந்தவனும் அதைக் கழற்றக் கூடாது. அந்தத் தண்ணீரில் விழுந்தால் முதல் நிமிடமே மூச்சுத் திணறும். சற்று நேரத்தில் கைகால் பேச்சுக் கேட்காது. பிள்ளைகளைப் பார்க்கக் குளிர்நாடு போகும் பெரியவர்கள் இதை மறந்துவிட வேண்டாம்.

கருங்கல் கரையோரம் படகை நிறுத்தினோம். வேறு படகு ஒன்றுமில்லை. தொலைவில் பட்ட மரத்தின் உச்சியில் வெண்தலைக் கழுகு ஒன்று உட்கார்ந்திருந்தது. குளிர்காலத்தில் அவை அந்த ஏரிக்கு வருமாம். நான் வீசினேன். இந்தத் தடவை கோலை இரண்டு தொடைகளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, கைகளைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டேன். கையைக் கட்டிப்போட அதுதான் வழி என்று தோன்றியது.

வளையம் ஒவ்வொன்றாக விரிந்து அடங்கியது. நானும் பேசவில்லை, அவனும் பேசவில்லை. வீட்டில் இருந்தால் அந்த மௌனத்தில் நான் ஏதாவது சொல்லிவிடுவேன். 'பேத்தி சாப்பிட்டாளா', 'அங்கே பெட்ரோல் என்ன விலை' என்று எதையாவது கேட்பேன். தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்ததால் அன்று கேட்கவில்லை.

"அப்பா" என்றான்.

"ம்."

"அம்மா இறந்தப்போ நான் ஏர்போர்ட் வரைக்கும் போனேன்பா."

நான் திரும்பவில்லை.

"நீங்க வேணாம்னு சொன்னப்புறமும் டிக்கெட் எடுத்துட்டேன். அட்லாண்டாவுக்கு நாலு மணி நேரம் காரை ஓட்டிக்கிட்டுப் போனேன். காரை நிறுத்திட்டு உங்களுக்கு மறுபடி போன் பண்ணேன். ஞாபகம் இருக்கா? அப்பவும் வேணாம்னுதான் சொன்னீங்க. குரல்ல கோபமா இருந்துச்சு. ரொம்ப நேரம் கார்லயே உட்கார்ந்திருந்தேன். அப்புறம் திரும்பிட்டேன். நான் கேட்டிருக்கவே கூடாதுப்பா, சும்மா கிளம்பி வந்திருக்கணும்."

அந்த இரண்டாவது போன் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சமையலறையில் நின்றுகொண்டு பேசினேன். "எங்கேயிருந்துடா பேசுறே?" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவன் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள், "சரி சரி, வேலையைப் பாரு" என்று நானே வைத்துவிட்டேன்.

அப்போது என் இரை இருந்த இடத்தில் ஒரு சின்ன வளையம் எழுந்தது. மழைத்துளி விழுந்த அளவுதான். இரையைக் காணவில்லை. கோடையில் பாஸ் மேலே வந்து அடித்தால் வாளித் தண்ணீரைக் கொட்டின மாதிரி வெடிக்குமாம். குளிரில் இப்படித்தான் உறிஞ்சிக்கொள்ளும், சத்தமே வராது என்று பெரியவர் சொல்லியிருந்தார்.

"அப்பா, மீன்! மீன்!" என்று மகன் கத்தினான்.

"இருக்கட்டும்" என்றேன். "நான் வேணாம்னு சொன்னது, கேக்காம வந்துடுவேன்னு நெனச்சுத்தான்டா."

ஒரு கணம் அவன் என்னைப் பார்த்தான். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டான். என் கை இன்னும் சட்டைப் பைக்குள்தான் இருந்தது. இரை சற்றுத் தள்ளி மேலே வந்து மிதந்தது. கட்டை என்று தெரிந்து மீன் துப்பிவிட்டது. என் வாழ்நாளில் கண்ணெதிரே கடித்த மீனை விட்டுவிட்டது அன்றுதான். எனக்கு வருத்தமே வரவில்லை.

பொழுது சாய்வதற்குள் எனக்கு ஒன்று, அவனுக்கு ஒன்று கிடைத்தது. என்னுடையது ஒன்றரை பவுண்டு இருக்கும். இரை மறைந்ததும் உடனே வெட்டி இழுக்காமல், நரம்பில் கனம் தெரியும் வரை பொறுத்து இழுத்தேன். அவனுடையது நாலு பவுண்டுக்குக் குறையாது. கட்டைவிரலை அதன் கீழ்த்தாடையில் வைத்துத் தூக்கினான். பச்சை முதுகு, பக்கத்தில் கறுப்புப் பட்டை. புளி ஊற்றி வைத்தால் வீட்டுக்கே காணும் என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போதே, மெல்லத் தண்ணீரில் பிடித்து, அது வாலை ஆட்டியதும் விட்டுவிட்டான்.

"ஏன்டா?"

"இங்க பெரும்பாலும் விட்டுடுவாங்கப்பா. பெருசா இருந்தா முட்டை போடும்."

எனக்கு அப்போது ஒன்று நினைவுக்கு வந்தது. அவனிடம் அதுவரை சொன்னதில்லை. அவன் பிறந்தது அறுவை சிகிச்சையில். காயம் ஆற விரால் சாறு கொடுக்க வேண்டும் என்பது நம் நாட்டில் மலாய்க்காரர், சீனர், நம்மவர் எல்லோருக்கும் பொதுவான வழக்கம். வேலை முடிந்து வந்து, மழையில் நனைந்துகொண்டு, அப்பாவும் நானும் அந்தக் குட்டையில் தவளையை ஓட்டி, ஒரு வாரம் நாளுக்கொரு விரால் கொண்டுவந்தோம். இஞ்சி தட்டிப்போட்டு என் அம்மா சாறு வைத்தார்கள். அவன் அம்மா முகத்தைச் சுளித்துக்கொண்டு குடிப்பாள். குடித்துவிட்டு, "பிள்ளைக்காகத்தான்" என்பாள். இதைச் சொன்னேன். கரைக்கு வரும் வரை அவன் அம்மாவைப் பற்றிக் கேட்டுக்கொண்டே வந்தான். நானும் சொல்லிக்கொண்டே வந்தேன். இரண்டு வருடமாக வீட்டில் உச்சரிக்காமலிருந்த பெயரை அன்று எத்தனை முறை சொன்னோமோ தெரியாது.

ஊர் திரும்பும்போது பெரியவர் அந்த இறகுவால் இரையைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். தோட்டம் இப்போது செம்பனை ஆகிவிட்டது. குட்டை மட்டும் இருக்கிறது. ஒரு மழைநாளில் அதைக் கொண்டுபோய் வீசினேன். வளையம் அடங்கக் காத்திருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அப்பா சொன்னபடி ஓட்டினேன். மூன்றாவது வீச்சில் விரால் அடித்தது! அப்பா சொன்னதும் சரி, அமெரிக்கப் பெரியவர் சொன்னதும் சரி. வெதுவெதுப்பான தண்ணீரில் ஓட்ட வேண்டும். குளிர்ந்த தண்ணீரில் நிறுத்த வேண்டும். விரால் காற்றைக் குடிக்க மேலே வந்தே தீர வேண்டிய மீன். பாஸுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அதுவாக மனம் வைத்தால்தான் வரும்.

மகன் இப்போதும் ஞாயிறு தவறாமல் போன் செய்கிறான். பேச்சு நடுவில் சில சமயம் நின்றுபோகும். முன்பெல்லாம் அந்த இடத்தில் "சரி, வச்சிடட்டுமா?" என்று நான்தான் முடிப்பேன். இப்போது முடிப்பதில்லை. மனத்துக்குள் பத்து எண்ணுகிறேன். பெரும்பாலும் ஏழு எட்டிலேயே அவன், "அப்பா, ஒண்ணு சொல்லணும்" என்று தொடங்கிவிடுகிறான்.